தெருப்பூனைக்கு நல்லது செய்யப்போய்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சென்னையில் எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவுக்கு அடிக்கடி ஒரு படம் வரும். செருப்புப் பெட்டி, அதற்குள் பழைய துண்டு, துண்டின்மேல் கண்கூடத் திறக்காத பூனைக்குட்டிகள். "அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு, யாராவது எடுத்துக்கோங்க ப்ளீஸ்" என்று கீழே ஒரு வரி. அதைப் பார்த்ததும் எனக்குப் பரிதாபத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வரும்.

புதிதாகத் தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்க ஆரம்பித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பால் ஊற்றாதீர்கள், தண்ணீர் வையுங்கள், மிச்சமான காரக்குழம்பைக் கொட்டாதீர்கள் என்பதையெல்லாம் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது நல்ல மனசோடு செய்கிற தவறுகளை. பழகிய எல்லோரும் ஒரு காலத்தில் செய்ததுதான், நானும் சேர்த்தி.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். தெருப்பூனையில் இரண்டு வகை உண்டு. வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட பூனை காலைச் சுற்றி வரும், தூக்கினால் மடியில் உட்காரும். தெருவிலேயே பிறந்து மனுஷக் கை படாமல் வளர்ந்த பூனையோ, நீங்கள் தட்டை வைத்துவிட்டுப் பத்தடி நகர்ந்த பிறகுதான் கிட்டே வரும். இதைச் சிலர் திருட்டுப் பூனை என்று விரட்டுவார்கள். சிலர் வீடில்லாத ஜீவன் என்று உருகுவார்கள். அதற்கு வீடு இருக்கிறது, உங்கள் மோட்டார் ரூமுக்குப் பின்னால். கூண்டு வைத்துப் பிடித்து நடுக்கூடத்தில் விட்டால் கட்டிலுக்கடியில் ஒடுங்கிக்கொண்டு சோறு தண்ணீர் தொடாமல் கிடக்கும்.

குட்டிகளைத் தூக்கி வருவது

தாய்ப்பூனை நாள் முழுக்கக் குட்டிகளோடு படுத்திருக்காது. பால் கொடுக்கிற உடம்புக்குப் பசி அதிகம். இரை தேடிப் போனால் திரும்பச் சில மணி நேரம் ஆகும். அந்த நேரம் பார்த்துத்தான் நம்மவர்கள் கண்ணில் குட்டி படும். பூனை ஏழு வீடு மாற்றும் என்று பாட்டிமார் சொல்வார்களே, ஏழோ மூன்றோ, மாற்றுவது உண்மை. ஒவ்வொன்றாகக் கவ்வித்தான் கொண்டுபோக முடியும் என்பதால், பாதி வேலையில் அங்கே இரண்டு, இங்கே இரண்டு என்று கிடக்கும். "அனாதைக் குட்டி" என்று வருகிற படங்களில் பல இந்த மிச்ச இரண்டின் படங்கள்தான்.

பக்கத்து பிளாக்கில் ஒரு பையன், நல்ல பையன். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நாலு குட்டியைப் பார்த்ததும் மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஏ.சி. ரூம், பாக்கெட் பால், இங்க் ஃபில்லர். எனக்குச் சொன்னதே மறுநாள் சாயங்காலம்தான். இதற்குள் கீழே தாய் ராத்திரி முழுக்கக் கத்தித் தேடியிருக்கிறது. தூக்கம் கெட்ட வாட்ச்மேன் அண்ணன் கல்லெடுத்து விரட்டியிருக்கிறார். நான் போய்த் தொட்டபோது குட்டிகள் சில்லென்று இருந்தன. ஒன்றின் மூக்கில் பால் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. "நல்லாதான் குடிச்சுதுக்கா" என்றான். குடிக்கவில்லை, பால் நுரையீரலுக்குள் போயிருந்தது. நாலில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. குட்டி போனால் தாய் சீக்கிரமே மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். வயிற்றில் சுமப்பது ஒன்பது வாரம்தான். அதே ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் மூன்றே மாதத்தில் அடுத்த ஈத்து.

பிறந்த குட்டி ஏறக்குறைய 100 கிராம், ஒரு குளியல் சோப்பின் எடை. முதல் சில வாரம் அதனால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரே வெளியே வரும். ராத்திரி பகல் பார்க்காமல் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை பால் வேண்டும். ஆபீஸ் போகிற ஒருவரால் இதைச் செய்ய முடியாது. தாய் இதையெல்லாம் நம்மைவிட நன்றாகவே செய்துகொண்டிருக்கும்போது பிடுங்கி வருவதற்குக் காப்பாற்றுவது என்று பெயர் வைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, தாய் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் குட்டிகளைப் பாருங்கள். வயிறு உருண்டு, மேல் சுத்தமாக, ஒன்றின்மேல் ஒன்று படுத்துத் தூங்கினால் தாய் வந்துபோகிறது. விடாமல் கத்துகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, எறும்பு மொய்க்கிறது என்றால்தான் பயப்பட வேண்டும். சந்தேகமாக இருந்தால் கோலமாவை எடுங்கள். கல்மாவு வேண்டாம், அரிசி மாவு. குட்டிகளிலிருந்து ஓரடி தள்ளி மெல்லிசாக ஒரு வட்டம் தூவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். நீங்கள் அங்கேயே நின்றால் தாய் வராது. சுவருக்கு மேலிருந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நாலைந்து மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மாவில் தடம் இருக்கும். நடுவில் ஒரு திண்டு, அதற்கு முன்னால் நாலு விரல், நகம் பதிந்திருக்காது. நகம் பதிந்திருந்தால் அது நாய், உஷாராகுங்கள். பார்த்ததும் மாவைப் பெருக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்கே எறும்பு வரும்.

தடம் தெரிந்துவிட்டால் உங்கள் வேலை தாய்க்குச் சோறு வைப்பதுதான். அதையும் குட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நாயும் கடுவன் பூனையும் மோப்பம் பிடித்து வந்துவிடும். மழைத் தண்ணீர் ஏறுகிற இடம் என்றால் ஒரு அட்டைப்பெட்டியைச் சாய்த்து, அதே இடத்தை ஒட்டி மேடான பக்கத்தில் குட்டிகளை வையுங்கள். மனுஷ வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பார்கள். பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். அதனால் ஏற்கெனவே தூக்கி வந்துவிட்டவர்களும் இப்போதே கொண்டுபோய் எடுத்த இடத்தில் வைக்கலாம்.

தாய் நிஜமாகவே வரவில்லை, அல்லது ரோட்டில் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்துவிட்டீர்கள். அப்போது எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பாலுக்கு முன்னால் சூடு. பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. உடம்பு சூடான பிறகு, பூனைக்குட்டிக்கென்றே விற்கிற பால் பவுடரைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்துக் கொடுங்கள். கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டுப் புகட்டினால் அந்தப் பையன் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

வீட்டுக்கு எடுத்து வளர்க்க ஆசை என்றால், குட்டி தானாகத் தின்னத் தொடங்கும்வரை பொறுங்கள். ஐந்தாறு வாரத்திலிருந்து கையில் எடுத்துப் பழக்கலாம், எட்டு வாரம் வாக்கில் எடுத்துக்கொள்ளலாம். மூன்று நாலு மாதம் தாண்டிவிட்டால் பெரும்பாலானவை மனுஷரோடு ஒட்டாது.

சோறு மட்டும் வைப்பது

பெட்டைக்குட்டி நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும். நம் ஊர் வெயிலில் இதற்குச் சீசன் என்றும் பெரிதாக இல்லை. ஆகவே கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் வைத்தால் தட்டு பெருகிக்கொண்டே போகும். அப்புறம் உங்களுக்கும் கட்டுப்படியாகாது, அக்கம்பக்கமும் பொறுக்காது.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வையுங்கள். கருத்தடைக்குப் பிடிக்கக் கூண்டு வைக்கிற அன்று அதுதான் கைகொடுக்கும். பிடிபட்டதும் கூண்டை முழுக்கத் துணியால் மூடிவிடுங்கள், இருட்டில் அடங்கிவிடும். பால் சுரக்கிற பூனை என்றால் குட்டிகள் எங்கே என்று தெரியாமல் பிடிக்காதீர்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவது

"அங்க மீன் கிடைக்கும், ராஜாவாட்டம் இருக்கும்." இருக்காது. அங்கே ஏற்கெனவே பூனைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. புதிதாக வந்தது அடி வாங்கும், பயந்து ரோட்டுக்கு ஓடும். இங்கே காலியான இடத்துக்கு வேறு பூனை வந்துவிடும், அது கருத்தடை ஆகாததாக இருக்கும். வளர்த்த பூனையைக் காரணமில்லாமல் இப்படிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பாராசிட்டமால்

பூனைக்குக் கொடுக்கவே கூடாது. அரை மாத்திரைகூட உயிரை எடுக்கும்.

அசோசியேஷனிடம் எடுத்த எடுப்பில் சட்டம் பேசுவது

குடியிருப்பு வளாகத்தில் வாழும் விலங்குகளுக்குச் சோறு வைக்க ஏற்பாடு செய்வது சங்கத்தின் பொறுப்பு என்று 2023ஆம் ஆண்டு விலங்குகள் கருத்தடை விதிகளில் இருக்கிறது. உண்மைதான். ஆனால் அதை அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியவர்கள் யாரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. எதிர்ப்பவர்களில் பாதிப் பேருக்குக் கோபம் பூனைமேல் இல்லை, மாடிப்படியில் கிடக்கிற மீன் முள்மேல்தான். தட்டை அரை மணியில் எடுத்துக் கழுவுங்கள். பூந்தொட்டியில் அசிங்கம் செய்கிறதா, ஒரு மூலையில் ஆற்று மணல் கொட்டி தினமும் அள்ளுங்கள்.

மீதிப் பேருக்குப் பயம். தரைத்தளத்து மாமியின் மருமகள் முழுகாமல் இருந்தபோது, பூனை இருந்தால் கரு கலைந்துவிடும் என்று யாரோ சொல்லி மாமி கம்பெடுத்துவிட்டார். டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனை மலத்தில் வரக்கூடியதுதான். ஆனால் வெளியேறிய மலத்தில் அது தொற்றும் நிலைக்கு வரவே குறைந்தது ஒரு நாள் ஆகும். சரியாக வேகாத இறைச்சி, மண்ணோடு சாப்பிடுகிற கீரை வழியாகவும் வரும். கர்ப்பிணிப் பெண், பூனை அசிங்கம் செய்த மணலை அள்ளாமல் இருந்து, கீரையை நன்றாக அலசினால் போதும் என்று பொறுமையாகச் சொன்னேன். மாமி முழுசாக நம்பவில்லை. கம்பை மட்டும் உள்ளே வைத்துவிட்டார்.

கடித்தால் மஞ்சள் வைப்பது

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரி. வெறிநோய் பூனை வழியாகவும் வரும்.

காரை அப்படியே ஸ்டார்ட் செய்வது

மழை நாளில் பானட்டைத் தட்டிவிட்டு எடுங்கள், உள்ளே பூனை ஒண்டியிருக்கும்.

காது நுனியைக் கேட்டு வாங்காதது

கருத்தடை செய்யும்போதே, மயக்கத்தில் இருக்கையில், கருத்தடை ஆகிவிட்டதற்கு அடையாளமாக இடது காதின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். தெருப்பூனை என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அழகு போய்விடும் என்று வேண்டாம் என்றவர்களும் உண்டு. அப்படி விட்ட ஒரு கறுப்புப் பூனையை, சோறு வைக்கிற வேறொருவர் மறுபடி கருத்தடைக்குப் பிடித்துக்கொண்டு போனார். வயிற்று முடியைச் சிரைத்துப் பழைய தையல் தழும்பைப் பார்த்த பிறகுதான் டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார்.