நுகர்வு வரி யார் தலையில் எவ்வளவு விழுகிறது? கணக்குப் போடும் முறை

குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் தரவிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஒவ்வொரு குடும்பத்தின் வருமானத்தையும் ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நாலு பேர் உள்ள வீடென்றால் 2-ஆல். இதை விட்டால் பெரிய குடும்பங்கள் உள்ளதைவிட வசதியாகத் தெரியும். பிறகு வரிசைப்படுத்திப் பத்துச் சம பங்காகப் பிரியுங்கள்.

அடுத்து, செலவுக்குள் இருக்கும் வரியைப் பிரித்தெடுக்க வேண்டும். பலர் சறுக்கும் இடம் இது. பதிவாகியிருப்பது வரி சேர்ந்த விலை. 20% வரியில் 120 செலவானால் வரி 20தான். 120-க்கு 20% போட்டு 24 என்று எடுத்தால் தப்பு. செலவை விகிதத்தால் பெருக்கி, 100-உடன் விகிதத்தைக் கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். வரிவிலக்குப் பொருளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பூஜ்யம் போடாதீர்கள். விற்பவர் தன் கொள்முதலில் கட்டிய வரி அவருக்குத் திரும்பி வராது. அது விலைக்குள் ஒளிந்திருக்கும். பூஜ்ய விகிதப் பொருளில், அதாவது வரி உண்டு ஆனால் விகிதம் 0% என்று வைத்த பொருளில், அந்த வரி விற்பவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். இரண்டும் ஒன்றல்ல.

இனி இந்த வரியை எதால் வகுப்பது, வருமானத்தாலா செலவாலா? முடிவே இதில்தான் புரளும். ஒரு வீட்டின் வருமானம் 10,000, செலவு 12,000. இன்னொன்றின் வருமானம் 60,000, செலவு 36,000. எல்லாவற்றுக்கும் 20% வரி என்றால் முதல் வீடு கட்டுவது 2,000, இரண்டாவது 6,000. வருமானத்தில் பார்த்தால் 20%, 10%. செலவில் பார்த்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய 16.7%.

வசதியான வீடு சேமிப்பதால் வரும் வித்தியாசம் இது. ஆனால் வருமானத்தை மிஞ்சிச் செலவழிக்கும் எல்லோரும் நிரந்தர ஏழைகள் அல்லர்: அந்த ஆண்டு வேலை இழந்தவர், மாணவர், வருமானத்தைக் குறைத்துச் சொன்னவர் எல்லோரும் கீழ்ப்பங்கில் கலந்திருப்பார்கள். அதனால் இரண்டு விகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்டுவது வாசிப்பவரை ஏமாற்றுவதாகும்.

சலுகையைச் சோதிக்கும்போதும் இதே கவனம் தேவை. உணவுக்கு முதல் வீடு 6,000, இரண்டாவது 9,000 செலவழிக்கிறது என்று வையுங்கள். உணவு வரியை நீக்கினால் முதல் வீட்டுக்கு மிச்சம் 1,000, இரண்டாவதற்கு 1,500. வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழை வீட்டுக்கு 10%, மற்றதற்கு 2.5%. ஆனாலும் கையில் அதிகத் தொகை சேர்வது வசதியான வீட்டில்தான். அரசு இழக்கும் அதே 2,500-ஐச் சமமாகப் பிரித்துப் பணமாகக் கொடுத்தால் ஏழை வீட்டுக்கு 1,250 கிடைக்கும்.