பாடசாலை மின்னஞ்சல் ஸ்பாமில் விழாமல் இருக்க: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் அமைக்கும் முறை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பாடசாலைகளில் பெற்றோருக்கான அறிவித்தல் எல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில்தான் போகிறது. மின்னஞ்சலுக்கு மிஞ்சியிருப்பது வேறு வேலை: வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் விபரங்கள், லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிற பழைய மாணவர்களுக்கான கணக்கறிக்கை, புலமைப்பரிசில் தருபவர்களுக்கான கடிதம். காசும் கையொப்பமும் சம்பந்தப்பட்டதெல்லாம் இதில்தான் வரும். அது ஸ்பாமில் கிடந்தால் யாரும் போன் எடுத்துச் சொல்லப் போவதில்லை. அதைவிட மோசமானது, அதிபரின் முகவரியைப் போட்டு வேறு யாரோ “கட்டட நிதியை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று வெளிநாட்டுக்கு எழுதுவது. எந்தப் பாதுகாப்பும் போடாத டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) அதைச் செய்யப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை.

2024 பெப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாகூவும் இந்த விஷயத்தில் இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு எழுதும் எவருக்கும் எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் அனுப்பக்கூடிய சேர்வர்களின் பட்டியல்) அல்லது டிகிம் (கடிதத்தோடு போகும் டிஜிட்டல் கையொப்பம்) ஒன்றாவது இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்பினால் டிமார்க்கும் (இந்தச் சோதனைகளில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்ற அறிவுறுத்தல்) சேர்த்து மூன்றும் வேண்டும். எந்தப் பாடசாலையும் அந்தக் கணக்கைத் தொடாது. ஆனாலும் மூன்றையும் போடுங்கள்.

கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு இதைச் செய்து கொடுத்த கையோடு எழுதுகிறேன். அங்கே எஸ்சிஎச் டொட் எல்கே டொமைன், கூகுள் வேர்க்ஸ்பேஸ் மின்னஞ்சல், சீபனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பனல்) உள்ள ஒரு ஹோஸ்டிங்கில் இணையத்தளம். எங்கள் பக்கம் அதிகம் காண்பதும் இந்தச் சேர்க்கைதான். டொமைன் எடுப்பது, வேர்க்ஸ்பேஸ் திறப்பது எல்லாம் இங்கே இல்லை. சாதாரண ஜிமெயில் முகவரியை வைத்துக்கொண்டு பாடசாலை நடத்துகிறீர்கள் என்றால் முதலில் டொமைன் எடுங்கள். தகுதியுள்ள பாடசாலைகளுக்கு வேர்க்ஸ்பேசின் அடிப்படைக் கல்விப் பதிப்பு இலவசம்.

இன்னொன்று: டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விபரங்களை உலகத்துக்குக் காட்டும் பதிவேடு) போடும் வரிகளை இங்கே உச்சரிப்புக்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். உண்மையான வரியைக் கூகுளின் அட்மின் கன்சோலில் அல்லது அதன் உதவிப் பக்கத்தில் இருந்து அப்படியே கொப்பி பண்ணுங்கள். கையால் அடித்தால் ஒரு புள்ளி தவறும், அதைத் தேடுவதிலேயே பொழுது போகும்.

படி 1: உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள்?

ஒரு தாளில் எழுதுங்கள். அலுவலகமும் ஆசிரியர்களும் வேர்க்ஸ்பேசில் இருந்து. இணையத்தளத்தின் தொடர்புப் படிவம் ஹோஸ்டிங் சேர்வரில் இருந்து. பழைய மாணவர் சங்கம் மெயில்சிம்ப் போன்ற ஒன்றில் இருந்து செய்திமடல் அனுப்பலாம். இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் டிஎன்எஸ்ஸைத் தொட வேண்டாம்.

படி 2: டிஎன்எஸ் எங்கே இருக்கிறது?

சீபனலில் ஸோன் எடிட்டர் (டிஎன்எஸ் பதிவுகளைத் திருத்தும் பக்கம்) திறக்கிறது என்பதற்காக டிஎன்எஸ் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நேம்சேர்வர் (டொமைனின் டிஎன்எஸ்ஸை வைத்திருக்கும் சேர்வர்) கிளவுட்ஃப்ளேர் போன்ற வேறொரு டிஎன்எஸ் சேவையைக் காட்டினால் சீபனலில் எதை மாற்றினாலும் உலகத்துக்குத் தெரியாது. கூகுள் அட்மின் டூல்பொக்ஸில் உள்ள ‘டிக்’ பக்கத்தில் டொமைனைப் போட்டு என்எஸ் என்பதைத் தட்டினால் எந்த நேம்சேர்வர் என்று வந்துவிடும். அப்புறம் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைத் தேடுங்கள். டொமைனை எடுத்துத் தந்த பழைய மாணவரிடம்தான் அநேகமாக அது இருக்கும், அவர் கனடாவில் இருப்பார். நேர வித்தியாசத்தைப் பார்த்து மெசேஜ் போடுங்கள்.

எனக்குப் பிடித்தது கிளவுட்ஃப்ளேரின் இலவசக் கணக்கு. மாற்றம் சட்டென்று தெரியும், நீளமான வரியைத் தானே கையாளும். சில ஹோஸ்டிங் நிறுவனங்களின் பழைய பனல்களோடு மல்லுக்கட்டுவதை விட டிஎன்எஸ்ஸை இங்கே கொண்டுவந்து வைப்பது மேல்.

படி 3: எஸ்பிஎஃப்

கேற் காவலாளியிடம் கொடுத்து வைக்கும் பெயர்ப்பட்டியல் மாதிரித்தான் இது: எந்தச் சேர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்கிறது. டிஎன்எஸ்ஸில் ஒரே ஒரு டெக்ஸ்ட் பதிவு. முதலில் வி=எஸ்பிஎஃப்1, நடுவில் இன்க்லூட் என்று தொடங்கும் கூகுளின் முகவரி, கடைசியில் ~ஆல்.

கவனிக்க வேண்டியது ‘ஒரே ஒரு’ என்பதை. சீபனல் தன்பாட்டில் ஒரு எஸ்பிஎஃப் போட்டு வைத்திருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டுக் கூகுளுடையதை இன்னொரு பதிவாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும். பழையதைத் திறந்து, ~ஆல் என்பதற்கு முன்னால் கூகுளின் இன்க்லூட்டைச் செருகுங்கள். இந்த ஒரு வரியைப் படிக்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் ஆகக்கூடாது என்ற வரம்பும் உண்டு. கண்ட கண்ட சேவையெல்லாம் சேர்த்தால் அது தாண்டிவிடும்.

படி 4: டிகிம்

பலர் எஸ்பிஎஃப்போடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒன்றை மட்டும் போட நேரமிருந்தால் டிகிம்மைப் போடுங்கள். காரணம், பாடசாலை முகவரிக்கு வருவதைத் தன் சொந்த ஜிமெயிலுக்கோ யாகூவுக்கோ திருப்பிவிடாத ஆள் குறைவு. அப்படித் திருப்பிவிடும்போது கடிதம் வேறு சேர்வரில் இருந்து வந்ததாகத் தெரியும், எஸ்பிஎஃப் பெரும்பாலும் அங்கேயே முறிந்துவிடும். டிகிம் கையொப்பம் கடிதத்துக்குள்ளேயே இருப்பதால், வழியில் உள்ளடக்கத்தை யாரும் மாற்றாதவரை தாக்குப்பிடிக்கும்.

அட்மின் கன்சோலில் ஆப்ஸ், கூகுள் வேர்க்ஸ்பேஸ், ஜிமெயில் என்று போய் ‘ஒதன்டிகேட் ஈமெயில்’ பகுதியைத் திறங்கள். வேர்க்ஸ்பேஸ் புதிதாகத் திறந்ததென்றால் டிகிம் சாவி (கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் நீண்ட குறியீடு) உருவாக்க 24 முதல் 72 மணித்தியாலம் வரை பொறுக்கச் சொல்லும். 2048 பிட் சாவியைத் தெரிவு செய்யுங்கள். ஒரு பெயரும் ஒரு நீண்ட பெறுமதியும் தரும். பெயர்: கூகுள்._டொமைன்கீ.

எல்லாரும் வழுக்குவது இங்கேதான். பல பனல்கள் நீங்கள் அடித்த பெயருக்குப் பின்னால் டொமைனைத் தாமாகவே ஒட்டும். நீங்கள் முழுப்பெயரையும் அடித்தால், பதிவு பட்டியலில் பாடசாலையின் டொமைன் அடுத்தடுத்து இரண்டு தடவை நிற்கும். பனல் ‘சேமித்தாயிற்று’ என்று பச்சையில் காட்டும், கூகுளோ பதிவைக் காணவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லும். ஆகவே சேமித்ததும் வரியின் இடப்பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள்.

இரண்டாவது சிக்கல் நீளம். டெக்ஸ்ட் பதிவில் ஒரு துண்டு 255 எழுத்தைத் தாண்டக்கூடாது, 2048 பிட் சாவி அதைத் தாண்டும். நல்ல பனல் தானே துண்டாக்கும். ஆக்காவிட்டால் மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாகப் போடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் 1024 பிட்டுக்கு இறங்கலாம்.

பதிவு போட்டாயிற்று, இன்னும் முடியவில்லை. அதே பக்கத்துக்குத் திரும்பி ‘ஸ்டார்ட் ஒதன்டிகேஷன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். பதிவு எல்லா இடமும் பரவ 48 மணித்தியாலம் வரை ஆகலாம் என்பதால் உடனே சரிவராவிட்டால் அடுத்த நாள் அழுத்துங்கள்.

படி 5: சோதித்துப் பார்த்தல்

பாடசாலைக் கணக்கில் இருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி ‘ஷோ ஒரிஜினல்’ பாருங்கள். எஸ்பிஎஃப், டிகிம் என்று வரிசையாகப் ‘பாஸ்’ இருக்கும்.

பாஸ் என்பதைக் கண்டவுடன் மூடிவிட வேண்டாம். பக்கத்தில் எந்த டொமைன் என்று வாசியுங்கள். நீங்கள் டிகிம்மே போடாவிட்டாலும் கூகுள் தன்னுடைய பொதுக் கையொப்பத்தைப் போட்டு அனுப்பும், அதுவும் பாஸ்தான். ஆனால் பக்கத்தில் ஜிஏப்எஸ்எஸ்எம்டிபி டொட் கொம் என்று முடியும் நீளமான பெயர் இருக்கும். டிமார்க்குக்கு அது கணக்கில்லை. உங்கள் பாடசாலையின் டொமைன் அங்கே வரும்வரை படி 4 முடியவில்லை என்றே அர்த்தம்.

இணையத்தில் எம்எக்ஸ்டூல்பொக்ஸ் மாதிரி நிறையச் சோதனைக் கருவிகள் உண்டு. பதிவு இருக்கிறதா என்று பார்க்க நல்லவை. ஆனால் கடிதம் உண்மையில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு நான் நம்புவது ஷோ ஒரிஜினலைத்தான்.

படி 6: டிமார்க்

முதல் இரண்டும் 48 மணித்தியாலம் ஓடிய பிறகு இதற்கு வாருங்கள். _டிமார்க் என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் பதிவு. முதல் கட்டத்தில் அதில் பி=நன் என்று வையுங்கள், அதாவது எதையும் தடுக்காதே, அறிக்கை மட்டும் அனுப்பு. அறிக்கை போகும் முகவரியை ஆர்யூஏ பகுதியில் கொடுங்கள்.

அறிக்கைகள் எக்ஸ்எம்எல்லில் வரும், கண்ணால் வாசிக்கிற சாமான் இல்லை. கிளவுட்ஃப்ளேரில் டிஎன்எஸ் இருந்தால் அதன் டிமார்க் மனேஜ்மென்ட் பகுதியே போதும். இல்லாவிட்டால் போஸ்ட்மார்க் என்ற மின்னஞ்சல் சேவையின் இலவச வாராந்தச் சுருக்கம்.

ஒரு தவணை முழுக்க பி=நன்னிலேயே விடுங்கள். பழைய மாணவர் சங்கத்தின் செய்திமடல், பரிசளிப்பு விழா அழைப்பு என்று இடையிடையே வருவதெல்லாம் அதற்குள் ஒரு தடவையாவது போய்விடும். அறிக்கையில் நீங்கள் அறிந்த சேர்வர் எதுவும் தோற்கவில்லை என்றால் பி=குவாரன்டீன், பிறகு பி=ரிஜெக்ட். நவம்பர், டிசம்பரில் மாற்றாதீர்கள். வெள்ளத்தால் பாடசாலை பூட்டு என்ற கடிதம் அவசரமாகப் போக வேண்டிய காலம் அது.

ரிஜெக்ட் வரை போனாலும் ஒரு ஓட்டை இருக்கும். அதிபரின் பெயரை மட்டும் போட்டு வேறொரு ஜிமெயிலில் இருந்து எழுதுவதை டிமார்க் தடுக்காது. ஆகவே பழைய மாணவர்களிடம் சொல்லி வையுங்கள்: வங்கிக் கணக்கு இலக்கம் மாறியதாகக் கடிதம் வந்தால், அலுவலகத்துக்குப் போன் பண்ணாமல் காசு போட வேண்டாம்.

பிற்சேர்க்கை

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு ரீச்சர் கேட்டிருந்தார், டிமார்க் போட்டும் அறிக்கையே வரவில்லை என்று. பார்த்தால் ஆர்யூஏவில் அவருடைய சொந்த ஜிமெயில். வேறு டொமைனுக்கு அறிக்கை போக வேண்டுமானால் அந்த டொமைன் சம்மதம் தெரிவித்து ஒரு பதிவு வைத்திருக்க வேண்டும். ஜிமெயில் உங்களுக்காக அதைச் செய்யாது. பாடசாலை டொமைனிலேயே ஒரு முகவரி திறந்து கொடுங்கள்.

மைக்ரோசொஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு: அங்கே டிகிம் இரண்டு சிநேம் பதிவுகளாக (வேறொரு பெயரைச் சுட்டும் டிஎன்எஸ் பதிவு) வரும். கிளவுட்ஃப்ளேரில் போடும்போது செம்மஞ்சள் மேகத்தை அணைத்து ‘டிஎன்எஸ் ஒன்லி’ ஆக்க வேண்டும்.

ஏறாவூரில் இருந்து ஒருவர்: தொடர்புப் படிவக் கடிதங்கள் அலுவலகத்துக்கு வருவதே இல்லையாம். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். சீபனலில் ‘ஈமெயில் ரூட்டிங்’ லோக்கல் என்று இருந்தால் சேர்வர் கடிதத்தைத் தனக்குள்ளேயே போட்டுக்கொள்ளும். அதை ரிமோட் ஆக்குங்கள். அல்லது படிவம், நிரப்பியவரின் ஜிமெயிலையே அனுப்புநராகப் போடுகிறது. அனுப்புநர் பாடசாலை முகவரியாகவும், நிரப்பியவரின் முகவரி ‘ரிப்ளை டு’விலும் இருக்க வேண்டும்.