செக்மென்டேஷன் ஃபோல்ட்டைப் பிடிப்பது எப்படி: லினக்ஸில், சி மொழியில்

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, கொழுந்து வாட்டும் மாடியின் ஈரப்பதத்தை ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று இரவு முழுக்க அளந்து எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுச்சாமத்தில் செக்மென்டேஷன் ஃபோல்ட் வந்து புரோகிராம் விழுந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் எந்தத் தடயமும் இல்லை.

டிரை, கேட்ச் போட்டால் பிடிபடும் என்று சி பிளஸ் பிளஸ் படித்த பிள்ளைகள் நினைப்பதுண்டு. பிடிபடாது. த்ரோ செய்ததைத்தான் கேட்ச் பிடிக்கும். இங்கே தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் பிராசசரே மறுத்துவிட்டது, லினக்ஸின் மையமான கெர்னல் அதை புரோகிராமுக்கு 11ஆம் இலக்க சிக்னலாக, அதாவது சிக்செக்வியாக, அனுப்புகிறது.

அதைப் பிடிக்க சிக்ஆக்‌ஷன் ஃபங்ஷனைப் பாவியுங்கள், பழைய சிக்னல் ஃபங்ஷன் வேண்டாம். எஸ்ஏ_சிக்இன்ஃபோ என்ற ஃப்ளாகைச் சேர்த்தால் எந்த முகவரியைத் தொட்டு விழுந்தது என்பதும் ஹேண்ட்லருக்கு, அதாவது சிக்னல் வரும்போது ஓடும் உங்கள் ஃபங்ஷனுக்கு, கிடைக்கும், எஸ்ஐ_அடர் என்ற இடத்தில். தடயம் எழுதும் ஃபைலை புரோகிராம் தொடங்கும்போதே திறந்து வைத்துவிடுங்கள்.

இனித்தான் கவனம் வேண்டும். ஹேண்ட்லருக்குள் பிரிண்ட்எஃப், மெமரி ஒதுக்கும் மால்லொக் இரண்டையும் கூப்பிடவே கூடாது, ஏனென்றால் மால்லொக் தன் பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தில் புரோகிராம் விழுந்திருந்தால், ஹேண்ட்லர் அதே பூட்டுக்காகக் காத்து அப்படியே உறைந்துபோகும், சாகவும் மாட்டாது, ஓடவும் மாட்டாது. கெர்னலை நேரடியாக எழுதச் சொல்லும் ரைட் சிஸ்டம் கோல் போதும். முகவரியை எழுத்தாக மாற்றும் சின்ன லூப்பை நீங்களே எழுதுங்கள். ஃபங்ஷன்கள் பாவிக்கும் ஸ்டெக் மெமரி நிரம்பி விழுந்தால் ஹேண்ட்லர் ஓடவும் இடமிருக்காது, அதற்கு சிக்ஆல்ட்ஸ்டெக்கால் தனி இடம் ஒதுக்கி எஸ்ஏ_ஆன்ஸ்டெக் ஃப்ளாகையும் போடுங்கள். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனியாக.

ஹேண்ட்லர் முடிந்து திரும்பினால், விழுந்த அதே கட்டளை மறுபடி ஓடும், மறுபடி விழும், முடிவே இல்லை. எஸ்ஏ_ரீசெட்ஹேண்ட் போட்டால் இரண்டாம் முறை கெர்னலின் வழமையான முடிவு நடக்கும், அதாவது புரோகிராம் கொல்லப்படும். விழுந்த கணத்து மெமரியின் பிரதியான கோர் டம்ப்பை அனுமதித்திருந்தால் அதுவும் கிடைக்கும். சிக்லொங்ஜம்ப் ஃபங்ஷனால் ஹேண்ட்லரிலிருந்து வேறிடத்துக்குத் தாவித் தொடரலாம்தான், ஆனால் மெமரி எந்த நிலையில் கெட்டுக் கிடக்கிறது என்று தெரியாமல் ஈரப்பதக் கணக்கை நம்பவே முடியாது. சாக விடுங்கள், சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் ரீஸ்டார்ட் ஆன்-ஃபெயிலியர் என்று போட்டால் அது திரும்ப எழுப்பும்.

அப்புறம் பூச்சியத்தால் வகுத்தல். சென்சர் ஒன்றும் பதில் தராமல் வாசிப்புகளின் எண்ணிக்கை பூச்சியமாகி, அதால் சராசரி எடுக்கப் போனால், லெப்டொப்பின் இன்டெல் பிராசசரில் முழு எண் வகுத்தல் சிக்எஃப்பிஈ என்ற சிக்னலைக் கொடுத்து விழும். 64 பிட் ஆர்ம் பிராசசரில் அதே கட்டளை சத்தமில்லாமல் 0 தரும்! சி மொழியைப் பொறுத்தவரை அதன் விளைவு வரையறுக்கப்படவே இல்லை. ஆகவே இதை சிக்னலிடம் விடாதீர்கள், வகுக்கும் முன் சோதியுங்கள். ரஸ்ட் மொழியில் இந்தச் சோதனையைக் கொம்பைலரே போட்டு பேனிக், அதாவது பிழை சொல்லி நிறுத்துதல், ஆக்கிவிடும்.

சோதிக்கும்போது வெளியிலிருந்து கில் கட்டளையால் சிக்னல் அனுப்பிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அப்போது தவறான கட்டளை எதுவும் இல்லை, ஹேண்ட்லர் முடிந்ததும் புரோகிராம் பாட்டுக்கு ஓடும். கொம்பைலர் நீக்கிவிடாதபடி வொலட்டைல் பொயின்டர் ஒன்றில் நல், அதாவது 0 முகவரியை, வைத்து அதில் எழுதிப் பாருங்கள், தடய ஃபைலில் முகவரி 0 என்று வர வேண்டும்.