மக்ராஸ் மடத்தின் நிழலைக் காகிதத்தில் கொண்டுவருவது எப்படி?

அயர்லாந்தின் தென்மேற்கில், கெர்ரி கவுண்டியில், கில்லார்னி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது மக்ராஸ் மடம். பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவியருக்காக 1448இல் டோனல் மெக்கார்த்தி மோர் கட்டுவித்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் தளபதி கிராம்வெல்லின் படை வந்து துறவியரை விரட்டியது. கூரை போய்விட்டது, சுண்ணாம்புக்கல் சுவர்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன.

இந்த மடத்தின் உயிர் அதன் உள்முற்றத்தில் இருக்கிறது. நாலு பக்கமும் வளைவுகள் வைத்த தாழ்வாரம். சில வளைவுகள் கூர்முனை, சில அரைவட்டம். நடுவில் ஒற்றை யூ மரம், கரும்பச்சை ஊசியிலை மரம். மடத்துக்கு என்ன வயதோ மரத்துக்கும் அதே வயது என்று அந்த ஊரில் சொல்வார்கள். முறுக்கிப் பிழிந்த துணி போல அடிமரம். மேலே குடையாக விரிந்திருப்பதால் பகலிலும் உள்ளே மங்கல்தான்.

அந்த மங்கலைப் படம் எடுத்துத் திரையில் பார்த்தால் அருமையாக இருக்கும். அச்சுக்குக் கொடுத்தால் கறுப்புத் திட்டாக வரும். என் முதல் பிரிண்டில் தாழ்வாரமே காணாமல் போயிருந்தது. நல்ல காகிதம், நல்ல மை. ஆனால் மரத்தின் பட்டையும் அதன் பின்னால் இருந்த வளைவும் ஒரே கறுப்பு. அதைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: படம் எடுப்பது

மேகமூட்டமான நாள்தான் இதற்கு நல்லது. வெயில் அடித்தால் ஒருபக்கம் சுவர் வெளுத்து, மறுபக்கம் இருண்டுவிடும். கெர்ரியில் மேகத்துக்குப் பஞ்சமில்லை. தூறல் விட்டதும் போனால் ஈரக் கல்லில் ஒரு மினுமினுப்பும் கிடைக்கும்.

கேமராவை ட்ரைபாடில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 அல்லது 11, ரா ஃபைல் (கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் கோப்பு). ஷட்டர் ஒரு விநாடிக்கு மேலே போகலாம், அதனால் இரண்டு விநாடி டைமர் வைத்து, காற்று அடங்கும் வரை காத்திருந்து எடுங்கள். கேமராவை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டாம். சாய்த்தால் தூண்கள் உள்பக்கமாகச் சரிவது போல் தெரியும்.

வளைவுகளுக்கு மேலே வானம் தெரிந்தால், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) மூன்று படங்கள் எடுத்து வையுங்கள், பிறகு ஒன்றாகச் சேர்க்கலாம். ஒரே படம்தான் என்றால் வானம் வெளுக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். நிழலில் இருப்பதை ரா ஃபைலிலிருந்து ஓரளவு மீட்கலாம். வெளுத்துப்போன வானத்தை மீட்கவே முடியாது.

படி 2: கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவது

சாம்பல் கல், கரும்பச்சை மரம் என்று நிறமே குறைவாக உள்ள இடம் இது. அதனால் எனக்குக் கறுப்பு வெள்ளைதான் பிடிக்கும். நிறத்தை மொத்தமாக நீக்கிவிடாமல், படத் திருத்த மென்பொருளின் கறுப்பு வெள்ளை மிக்ஸரில் மஞ்சள், பச்சை ஸ்லைடர்களைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கல்லில் படிந்த பாசி வெளுத்து, சுவருக்கு ஒரு ஆழம் வரும். கான்ட்ராஸ்ட்டை இப்போதே கூட்டிவிடாதீர்கள்.

படி 3: திரையின் வெளிச்சத்தைக் குறைப்பது

திரை தானே ஒளி விடுகிறது. காகிதமோ அறையின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருவது மட்டும்தான். கடையில் வாங்கிவந்த மானிட்டர் பெரும்பாலும் அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் இருக்கும். அதை நம்பித் திருத்தினால் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும். என் முதல் பிரிண்ட் கெட்டதும் இதனால்தான். மானிட்டரை 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு இறக்குங்கள். திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்யும் கேலிப்ரேஷன் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு வெள்ளையும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும் வரை குறையுங்கள்.

படி 4: காகிதம்

இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். பருத்தி மேட் காகிதம்: தொட்டால் துணி போல இருக்கும், பளபளப்பு கிடையாது, கறுப்பு கொஞ்சம் கரும்பலகை நிறத்தில் வரும். பரைட்டா: மெல்லிய மினுக்கு, ஆழமான கறுப்பு. மக்ராஸுக்கு நான் மேட்தான் எடுப்பேன். ஈரம் ஊறிய சுண்ணாம்புக்கல்லுக்கு அந்தத் தூள்தன்மை பொருந்துகிறது. நிழலில் விவரம் வேண்டும் என்றால் கூடுதல் கவனம் தேவை, அவ்வளவுதான். எதை வாங்கினாலும் அமிலம் இல்லாததா, வெண்மையூட்டி (காகிதத்தை வெளேரென்று காட்டச் சேர்க்கும் ரசாயனம்) சேர்க்காததா என்று பாருங்கள். வெண்மையூட்டி சேர்த்த காகிதம் ஆண்டுகள் போகப் போக மஞ்சள் தட்டும். மை பிக்மென்ட் மையாக (கரையாத நிறத்துகள்கள் கொண்ட மை) இருக்கட்டும்.

படி 5: அளவு

24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 × 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 என்று வைத்தால் 20 × 13.3 அங்குலம் வரை தாராளமாகப் போகலாம். தொடங்குபவர்களுக்கு ஏ3 காகிதத்தில் 36 × 24 செ.மீ. படம் போதும். சுற்றிலும் வெள்ளை ஓரம் இருந்தால்தான் கையில் எடுத்துப் பார்க்கவும் சட்டம் போடவும் வசதி.

படி 6: சோதனைத் துண்டு

இந்தப் படியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். காகித நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பிரிண்டருக்கான ஐசிசி புரொஃபைலை (அந்தக் காகிதத்தில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) இறக்கி, சாஃப்ட் ப்ரூஃபில், அதாவது அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டத்தில், படத்தைப் பாருங்கள். கறுப்பு சட்டென்று சாம்பலாகும். பயப்பட வேண்டாம், காகிதத்தின் உண்மை நிறம் அதுதான். அச்சிடும்போது நிறத்தை மென்பொருளே கவனிக்கட்டும் என்று வைத்து, பிரிண்டர் டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் படம் கெடும்.

பிறகு முழுப் படத்தையும் அச்சிடாமல், அடிமரமும் பின்னால் உள்ள வளைவும் சேரும் இடத்தை மட்டும் விரல் நீளத் துண்டாக வெட்டி, மூன்று விதமாக அச்சிடுங்கள்: அப்படியே ஒன்று, நிழலைச் சற்று ஏற்றி (நிழல் பகுதியை வெளிச்சமாக்கி) ஒன்று, இன்னும் ஏற்றி ஒன்று. மேட் காகிதத்தில் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையிலான அளவில் 10க்குக் கீழே இருப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கறுப்பாகிவிடும். அரை மணி நேரம் காயவிட்டு, சன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பாருங்கள்.

என் மூன்று துண்டுகளில் முதலாவதில் மரம் ஒரு கறை. மூன்றாவதில் எல்லாம் தெரிந்தது, ஆனால் மங்கலே இல்லை. யாரோ உள்ளே விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. இரண்டாவதில் பட்டையின் முறுக்கு இருளுக்குள் மெல்ல இறங்கி, அதற்குப் பின்னால் வளைவின் விளிம்பு ஒரு கோடாக நின்றது. அங்கே நின்றபோது என் கண்ணுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். அந்தத் துண்டின் அளவுகளை வைத்து முழுப் படத்தையும் அச்சிட்டேன்.

படி 7: காயவைத்துச் சட்டம் போடுவது

ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். ஈரப்பதம் போகாமல் கண்ணாடி போட்டால் உள்ளே பனி படரும். அமிலமில்லாத மவுன்ட் அட்டை வைத்து, படம் கண்ணாடியில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம்.

சட்டத்துக்குள் போகும் முன் கீழ் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்திடுங்கள். ஊர் முழுக்க 'அபே' என்றாலும், இது ஊரோடு கலந்து வாழ்ந்த பிரான்சிஸ்கன் துறவியரின் மடம் (ஃப்ரையரி), ஊரைவிட்டு ஒதுங்கி வாழும் துறவியரின் அபே அல்ல. தலைப்பில் அதைச் சரியாக எழுதுங்கள். பின்பக்கம் காகிதத்தின் பெயர், மை, அச்சிட்ட தேதி, நிழலை எவ்வளவு ஏற்றினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த பிரதி போடும்போது தேவைப்படும்.