எக்ஸ் இல்லாத இயற்கணிதம்: அதன் தொடக்க வரலாற்றைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொது அறிவுப் புத்தகங்களில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: இயற்கணிதத்தின் தந்தை யார்? ஒரு புத்தகத்தில் விடை அல்-குவாரிஸ்மி என்றிருக்கும், இன்னொன்றில் டயோஃபாண்டஸ். நம் பக்கத்துப் பேச்சில் பிரம்மகுப்தரும் பாஸ்கரரும் வந்துவிடுவார்கள். இவர்களில் யார் என்று சண்டை போடுவதுதான் இந்த வரலாற்றில் பலரும் செய்யும் முதல் தவறு. இவர்கள் ஒரே வேலையைச் செய்தவர்கள் அல்ல. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அலெக்சாண்டிரியாவின் டயோஃபாண்டஸ், எண் புதிர்களை ஒவ்வொன்றாக எடுத்து, பெரும்பாலும் அதற்கென்றே ஒரு தந்திரம் கண்டு தீர்த்தார். பிரம்மகுப்தர் 628இல் பூஜ்யத்துக்கும் குறை எண்களுக்கும் விதிகள் எழுதினார். அல்-குவாரிஸ்மி 820ஐ ஒட்டி, பாக்தாதில், இருபடிச் சமன்பாடுகளை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லி, அந்த வழி ஏன் சரி என்றும் காட்டினார். ஒருவரை உயர்த்த இன்னொருவரை அழிக்கத் தேவையில்லை.

இரண்டாவது தவறு இதைவிட நுட்பமானது. பழைய கணக்கைப் பார்த்தவுடன் அதை எக்ஸ், ஒய் போட்டு மாற்றி எழுதிவிடுகிறோம். சரி, புரிந்துகொள்ள அது உதவும். ஆனால் அப்படி மாற்றியதை அவர்களே எழுதியதாக நினைத்துவிட்டால் வரலாறு கையை விட்டுப் போய்விடும்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் பிஎம் 13901 என்ற எண் கொண்ட ஒரு பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது. ஏறத்தாழ 3,800 ஆண்டுப் பழமை. அதன் முதல் கணக்கு: சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினேன், முக்கால் வந்தது. தீர்வும் கூடவே இருக்கிறது. ஒன்றை எடு, பாதியாக்கு, அரை. அரையை அரையால் பெருக்கு, கால். முக்காலோடு சேர், ஒன்று. ஒன்றின் வர்க்கமூலம் ஒன்று. அதிலிருந்து அரையை எடு. பக்கம் அரை. இது நம் இருபடிச் சூத்திரம்தான் என்று 1930களில் இந்தப் பலகைகளைப் படித்தவர்கள் வியந்தார்கள். பிறகு யென்ஸ் ஹொய்ரப் என்ற டேனிஷ் ஆய்வாளர் மூலச் சொற்களையே உற்றுப் பார்த்தார். நாம் 'கூட்டு' என்று ஒரே சொல்லால் பெயர்த்த இடங்களில் அங்கே வெவ்வேறு சொற்கள் இருந்தன. மற்றச் செயல்களும் அப்படித்தான்: பாதியாக்க உடைப்பது, சேர்க்க ஒட்டுவது, கழிக்கப் பிய்த்தெடுப்பது போன்ற சொற்கள். எழுதியவர் மனதில் இருந்தது எழுத்துக் குறியல்ல, வெட்டி ஒட்டுகிற நிலத்துண்டு. எக்ஸ் போட்டு எழுதிய நொடியில் அந்த நிலம் மறைந்துவிடுகிறது.

பழங்கால எகிப்தின் கணக்குச் சுருளான ரைண்டு பாப்பிரஸிலும் இதே எச்சரிக்கை வேண்டும். "ஒரு குவியல், அதன் ஏழில் ஒரு பங்கு, சேர்ந்தால் 19" என்று அதில் ஒரு கணக்கு. எழுதிய அஹ்மெஸ் தெரியாத எண்ணுக்குக் குறியிட்டுச் சமன்பாடு போடவில்லை. விடை 7 என்று வைத்துக்கொண்டார். 8 வந்தது. 8ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, 7ஐயும் அத்தனை மடங்காக்கினார். நம் ஊரில் மனக்கணக்குப் போடும் பெரியவர்கள் பலர் இன்றும் இப்படித்தான் போடுவார்கள்.

அல்-குவாரிஸ்மியிடம் வருவோம், சொல்ல நிறைய இருப்பது இங்கேதான். கலீஃபா அல்-மாமூன் ஆட்சியில் (813 முதல் 833 வரை) எழுதிய அவருடைய நூலில் ஒரு குறியீடுகூடக் கிடையாது. எண்களையும் சொல்லாகவே எழுதினார். தெரியாததை 'பொருள்' அல்லது 'வேர்' என்பார், அதன் வர்க்கத்தை 'செல்வம்' என்பார். புகழ்பெற்ற கணக்கு இது: ஒரு வர்க்கமும் அதன் பத்து வேர்களும் சேர்ந்தால் 39.

ஒரு தாள் எடுத்து வரைந்து பாருங்கள். நடுவில் ஒரு சதுரம், அதன் பக்கம்தான் தெரியாத வேர். பத்து வேர்களை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் இரண்டரை. சதுரத்தின் நான்கு பக்கத்திலும் இரண்டரை அகலத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள். இப்போது மொத்தப் பரப்பு 39. நான்கு மூலைகள் மட்டும் காலியாக இருக்கின்றன. ஒவ்வொரு மூலையும் இரண்டரைக்கு இரண்டரை, அதாவது ஆறே கால். நான்கும் சேர்ந்து 25. அவற்றை நிரப்பினால் 64, முழுச் சதுரம், பக்கம் 8. இரு புறமும் இரண்டரை இரண்டரையாக 5 கழித்தால் வேர் 3. சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய எத்தனையோ பேருக்கு 'வர்க்கப் பூர்த்தி' என்ற பெயர் ஏன் வந்தது என்று யாரும் காட்டியதே இல்லை. இந்தப் படத்தை எட்டாம் வகுப்பிலேயே காட்ட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நூலின் பெயரில் உள்ள, அல்ஜீப்ரா என்ற சொல்லுக்கு மூலமான 'அல்-ஜபர்' பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. அது இந்தத் துறை முழுவதற்குமான பெயராக இருக்கவில்லை, ஒரே ஒரு செயலின் பெயர். உடைந்ததைச் சேர்த்துச் சரியாக்குவது என்று பொருள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரை ஸ்பானிய மொழியில் 'அல்ஜெப்ரிஸ்தா' என்று சொன்னது இதனால்தான். நமக்குத் தெரிந்த அப்துல் ஜப்பார் என்ற பெயரின் ஜப்பாரும் இதே வேரில் முளைத்த சொல். கணக்கில் எப்படி? ஒரு வர்க்கம், நாற்பது வேர்களிலிருந்து நான்கு வர்க்கங்களைக் கழித்ததற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வேர்கள் நான்கு வர்க்கங்கள் குறைந்து ஊனமாக நிற்கின்றன. அந்தக் குறையை நிரப்பி, மறுபுறமும் அதையே சேர்த்தால், ஐந்து வர்க்கம் நாற்பது வேருக்குச் சமம். நம் வகுப்பறைகளில் "அந்தப் பக்கம் போனால் மைனஸ் பிளஸ் ஆகிவிடும்" என்பார்களே, அதுதான் ஜபர். இரு பக்கமும் ஒரே வகையாக உள்ளதைக் கழித்துச் சுருக்குவது 'முகாபலா'.

அப்புறம், "இந்தியாவிலிருந்து எடுத்துப் போனார்கள், அவ்வளவுதான்" என்ற பேச்சு. பாதி உண்மைதான் இதைத் தவறாக்குகிறது. இந்திய வானியல் 770களிலேயே பாக்தாதுக்குப் போய்விட்டது. இந்திய எண்களைப் பற்றி அல்-குவாரிஸ்மி தனி நூலே எழுதினார். அதன் லத்தீன் வடிவத்தில் அவர் பெயர் 'அல்கோரித்மி' என்று வந்ததால்தான் அல்காரிதம் என்ற சொல் பிறந்தது. (அல்ஜீப்ரா வந்தது ஒரு நூலின் தலைப்பிலிருந்து, அல்காரிதம் வந்தது ஆசிரியரின் ஊர்ப்பெயரான குவாரிஸ்மிலிருந்து. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.) ஆனால் இயற்கணித நூலில் பிரம்மகுப்தரின் மிக முக்கியமான பொருளே இல்லை. பிரம்மகுப்தர் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ருணம், அதாவது கடன், என்றும் அழைத்து, இரண்டு கடன்களைப் பெருக்கினால் தனம் என்று விதி எழுதிவிட்டார். அல்-குவாரிஸ்மி குறை எண்களைத் தனி எண்களாக ஏற்கவில்லை. அதனால்தான் நமக்கு ஒரே சமன்பாடாகத் தெரிவது அவருக்கு ஆறு வகையாகப் பிரிந்தது. பார்த்து எழுதியவர் கைக்கு எட்டிய குறுக்குவழியை விட்டிருப்பாரா?

இதற்கு எதிர்த்தவறும் உண்டு. பாக்தாதிலிருந்து நேராக ஐரோப்பாவுக்குத் தாவி, இந்தியாவை அடிக்குறிப்பாக்குவது. 1150இல் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் முதல் தெரியாத எண்ணுக்கு 'யாவத்தாவத்', அடுத்தவற்றுக்குக் கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களின் பெயர். அவற்றின் முதல் அசையைக் குறியாக வைத்தே கணக்கை நடத்தினார்கள். இலங்கைத் தமிழில் இந்தப் பாடத்துக்கு அட்சரகணிதம், அதாவது எழுத்துக் கணிதம், என்று பெயர். அந்தப் பெயர் அல்-குவாரிஸ்மியைவிட இவர்களுக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது.

எக்ஸ் பற்றிய கதையையும் நிறுத்திக்கொள்ளலாம். அரபியில் தெரியாததற்கு 'ஷய்' என்று பெயர், ஸ்பானியர்களுக்கு 'ஷ' வராததால் எக்ஸ் ஆனது என்று பகிர்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. தெரிந்ததற்கு அகரவரிசையின் முதல் எழுத்துகளும் தெரியாததற்குக் கடைசி எழுத்துகளும் என்ற வழக்கம் 1637இல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் வைத்தது. சமக்குறியே 1557இல்தான் ராபர்ட் ரெக்கார்ட் கையில் பிறந்தது.

கடைசியாக, அல்-குவாரிஸ்மியின் நூலைப் பாதியில் மூடிவிடும் தவறு. சமன்பாடுகள் முன்பகுதி மட்டுமே. பின்பகுதியில் பெரும்பாலும் சொத்துப் பங்கீடு. வாரிசுரிமை, உயில், வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றுக்குப் பயன்படும் கணக்கைச் சொல்கிறேன் என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். அதில் ஒரு கணக்கு: ஒருவர் இரண்டு மகன்களை விட்டு இறக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம் (வெள்ளி நாணயம்), ஒரு மகன் அவருக்குத் தர வேண்டிய கடன் 10. மூன்றில் ஒரு பங்கு வெளியாள் ஒருவருக்கு என்று உயில். கடனிலிருந்து சொத்தில் சேரும் தொகையைப் 'பொருள்' என்று வைக்கிறார். அதுவே கடன்பட்ட மகனின் பங்கும்கூட. பத்தும் பொருளும் சேர்ந்ததில் மூன்றில் ஒன்றைக் கழித்து, மீதியை இருவருக்கும் பிரித்தால், ஆளுக்கு மூன்று திர்ஹமும் ஒரு திர்ஹமில் மூன்றில் ஒரு பங்கும், அதோடு பொருளில் மூன்றில் ஒன்றும். அது பொருளுக்குச் சமம். பொருள் 5. வெளியாளுக்கு 5, ஒரு மகனுக்கு 5, மற்றவன் பங்கான 5 அவன் கடனிலேயே கழிந்துபோகிறது.