தோட்டப் பள்ளியில் படித்தவர்களின் வாழ்க்கைக் குறிப்பைச் சேர்ப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களின் குறிப்புகளை நாங்கள் சில பேர் மூன்று வருடமாகச் சேர்த்து வருகிறோம். உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ இதைச் செய்ய நினைத்தால், யார் யாரை எழுதப் போகிறீர்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். என்னைக் கேட்டால் எல்லாரையும் எழுத வேண்டும். டாக்டர் ஆனவருக்கு ஒரு தாள் என்றால், மூன்றாம் வகுப்போடு நின்று பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போன பெண்ணுக்கும் ஒரு தாள். டாக்டரைப் பற்றி வேறு எங்காவது எழுதியிருப்பார்கள், அந்தப் பெண்ணைப் பற்றி நம்மை விட்டால் எழுத ஆளில்லை.

சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து ஆரம்பியுங்கள். பெயர், அப்பா பெயர், அவர் பார்த்த வேலை, சேர்ந்த நாள், விலகிய நாள், இவ்வளவும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து எண் வரிசையில் அடுக்குங்கள். பெயர் வரிசையில் அடுக்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஏனென்றால் பெயர்தான் இதில் பெரிய சிக்கல். பதிவேட்டில் தமிழில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) தன் காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்து, ஐசியில் (அடையாள அட்டையில்) இன்னொரு எழுத்து, லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) எல்லாரும் கூப்பிட்டதோ 'குட்டி'. எங்களிடம் ஒரே சுப்பிரமணியம் மூன்று தாளில் மூன்று ஆளாக இருந்தார். ஒன்றில் கடைசி ஆங்கில எழுத்து 'எம்', இன்னொன்றில் 'என்', மூன்றாவதில் வெறும் 'மணியம்'. அப்பா பெயரும் தங்கச்சி பெயரும் ஒத்துப்போன பிறகுதான் பிடிபட்டது. அதனால் கிடைத்த வடிவங்களை எல்லாம் அப்படியே எழுதுங்கள், எதையும் திருத்த வேண்டாம், அண்ணன் தம்பி அக்காள் தங்கை பெயர்களையும் சேர்த்தே குறியுங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று போடுங்கள்: பதிவேடு, ஐசி, மகள் சொன்னது. இரண்டு தேதி முரண்பட்டால் இரண்டும் இருக்கட்டும். 1948இல் அடையாள அட்டை வந்தபோது பெரியவர்கள் பலருக்குக் காட்டப் பத்திரம் இல்லை, வயதைக் குத்துமதிப்பாகத்தான் போட்டார்கள். பாட்டி 'தைப்பூசத்துக்கு முந்தின வாரம் பிறந்தேன்' என்றால் அதையும் அதே சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவேட்டில் பெயர் திடீரென்று மறையும் வருடத்தைக் கவனியுங்கள். 1942, 43 என்றால் போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதைக்குக் குடும்பத்தில் யாரையாவது கொண்டுபோனார்களா என்று விசாரியுங்கள். ஐம்பதுகளின் கடைசி, அறுபதுகள் என்றால் தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றது. 1969ஐ ஒட்டி என்றால் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்ற வேலை பெர்மிட் சட்டம், குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர்கள் நிறையப் பேர் அப்போது தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போனார்கள். இதெல்லாம் எங்கே கேட்பது என்று காட்டும் தடயம்தான், உறவுக்காரர் யாராவது உறுதி செய்யாமல் தாளில் ஏற்றிவிடாதீர்கள்.

பழைய தமிழ் நேசன் கிடைத்தால் விடாதீர்கள். 1924 முதல் 2019 வரை வந்த மலேசியத் தமிழ்ப் பத்திரிகை அது. மரண அறிவித்தல் ஒன்றில் மனைவி, மக்கள், மருமக்கள் பெயரோடு இருந்த ஊரும் சேர்ந்து கிடைக்கும், நாங்கள் பலரை அப்படித்தான் தேடிப் பிடித்தோம்.

பெரியவர்களிடம் போகும்போது படிவத்தை நீட்டாதீர்கள். வகுப்புப் படத்தைக் கையில் கொடுத்து, "பாட்டி, இதுல உங்க பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று கேளுங்கள். அப்புறம் நீங்கள் எழுதினால் போதும்.

உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, சரி என்ற பிறகு சேருங்கள். ஐசி எண், வீட்டு முகவரி, நோய், போலீஸ் வழக்கு எதுவும் பொதுவில் வைக்கும் தாளில் வேண்டாம்.

பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செலோ டேப் ஒட்டாதீர்கள், துருப்பிடிக்கும் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். எண் போடுவது பென்சிலால். நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் பெட்டி தரையில் இருக்கவே கூடாது. ஒரு பள்ளியில் தரையில் வைத்திருந்த பதிவேடுகளில் பதினைந்து வருடத்துப் பதிவு மண்ணாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காகிதத்தை 300 டிபிஐயிலும் படங்களை 600லும் ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள்.

தெரியாத கட்டத்தைக் காலியாக விடாமல், 'கேட்டோம், தெரியவில்லை' என்று எழுதித் தேதி போடுங்கள், அடுத்து வருகிறவர் அதே வீட்டுக் கதவை மறுபடி தட்ட வேண்டியிருக்காது.