உருளைக்கிழங்கும் ஒரு தராசும்: சவ்வூடு பரவலை அளக்கும் செய்முறை

செல் சவ்வை நீர் எளிதில் கடக்கும். சர்க்கரை அப்படிக் கடக்காது. செல்லுக்குள் கரைபொருள் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க இந்த வேறுபாடே போதும். கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் சவ்வைக் கடந்து போவதே சவ்வூடு பரவல்.

1. மூலக்கரைசல். 34.2 கிராம் வெள்ளைச் சர்க்கரையை 60 மி.லி. வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். பிறகு நீர் விட்டு மொத்தம் 100 மி.லி. ஆக்கினால் 1 மோலார் கரைசல் தயார் (மோலார் என்பது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்ற அளவு; ஒரு மோல் சர்க்கரை 342 கிராம்). சர்க்கரையை 100 மி.லி. நீரில் அப்படியே கொட்டிவிடாதீர்கள். சர்க்கரையும் இடம் பிடிக்கும் என்பதால் கரைசல் 120 மி.லி. அளவுக்குப் பெருகி, செறிவு 0.8 மோலார் பக்கம் இறங்கிவிடும். பிறகு வரும் கணக்கு எல்லாமே தப்பாகும்.

2. நீர்த்தல். ஆறு குழாய்கள், ஒவ்வொன்றிலும் 20 மி.லி. முதல் குழாயில் வெறும் நீர். இரண்டாவதில் 4 மி.லி. கரைசலும் 16 மி.லி. நீரும் (0.2 மோலார்). அடுத்தடுத்த குழாய்களில் கரைசலை 4 மி.லி. கூட்டி, நீரை 4 மி.லி. குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் 1 மோலார் வரும்.

3. வெட்டுதல். ஒரே கிழங்கிலிருந்து 5 மி.மீ. தடிமனும் 4 செ.மீ. நீளமும் கொண்ட 18 துண்டுகள். தோல் துளியும் ஒட்டியிருக்கக் கூடாது. அதிலுள்ள சுபெரின் என்ற மெழுகு போன்ற பொருள் நீரைத் தடுக்கும்.

4. எடை. மூன்று மூன்றாகப் பிரித்து, டிஷ்யூ தாளில் ஒற்றி, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுங்கள். சோதனை பெரும்பாலும் கெடுவது இங்கேதான். மேலே ஒட்டிய ஈரமும் எடையில் சேரும். அழுத்திப் பிழிந்தால் உள்ளிருக்கும் நீரும் வெளியேறும். ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை மெல்ல ஒற்றினால் போதும். ஊறிய பிறகும் அதே மாதிரி ஒற்றுங்கள்.

5. ஊறல். ஒவ்வொரு குழாயிலும் மூன்று துண்டுகளை இட்டு மூடி, ஒரு மணி நேரம் விட்டு மறுபடி நிறுங்கள்.

6. கணக்கு. தொடக்க எடைகள் ஒன்றுபோல் இராது. ஆகவே கிராமை ஒப்பிடாமல் சதவீதத்தை ஒப்பிட வேண்டும்: 3.20 கிராம் 3.40 ஆனால் +6.25%. சதவீதத்தைச் செறிவுக்கு எதிராக வரைபடமாக்குங்கள். கோடு பூச்சியத்தை வெட்டும் இடத்தில் செல்லுக்கு உள்ளும் புறமும் செறிவு ஏறத்தாழ சமம். 0.2 மோலாரில் +4%, 0.4இல் −6% என்று வந்தால், வெட்டும் புள்ளி 0.28 மோலார் அளவில் இருக்கும்.

நீரில் கிடந்த துண்டு விறைப்பாக நிற்கும், 1 மோலாரில் கிடந்தது துவண்டு வளையும். எல்லாக் குழாயிலும் எடை குறைந்திருந்தால் முதலில் ஒற்றிய விதத்தைச் சந்தேகியுங்கள். வெந்த கிழங்கு உதவாது. சவ்வு சிதைந்துவிட்டதால் சர்க்கரையும் தடையின்றி உள்ளே போய்விடும்.

சர்க்கரைக்குப் பதில் உப்பு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோடியம் குளோரைடு நீரில் இரண்டு அயனிகளாகப் பிரியும், அதனால் 0.14 மோலார் உப்பே ஏறத்தாழ 0.28 மோலார் சர்க்கரைக்குச் சமம். தவிர, அந்த அயனிகள் சவ்விலுள்ள புரதக் கால்வாய்கள் வழியே மெல்ல உள்ளே நுழையக்கூடும். நேரம் நீள நீள விடையும் நகரும். ஆரம்பத்துக்குச் சர்க்கரையே நல்லது.